கங்காதரன் வழி கங்காதரன்

ஆயிலக்குன்னில் கங்காதரனைக் கேலி செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நாம் வாயைத் திறப்பதற்குள் அவரே தன்னைக் கேலி செய்து முடித்திருப்பார். ஆற்றங்கரை வளைவில் அவறானின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பாலில்லாத சுலைமானி டீயை உறிஞ்சிக்கொண்டே, "மூச்சு விட இடமில்லாத பஸ்ஸுல நின்னுக்கிட்டு, ‘படியில நிக்காதீங்க, உள்ள இடம் இருக்கு’ன்னு ஆயுசு பூரா பொய் சொன்னவன் நான். அந்தப் பொய்க்கு அரசாங்கம் பென்ஷன் வேற குடுக்குது" என்பார். இப்படி முந்திக்கொள்கிற ஆளை என்னதான் செய்வது? சிரித்துவிட்டு பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஆனால் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதற்காகத் திட்டிக்கொள்வது என்பதை அவரே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். கங்காதரன் தன் வழுக்கையைத் திட்டுவார், குறட்டையைத் திட்டுவார், சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடத் தெரியாததைத் திட்டுவார். பெருமை பிடித்த மனுஷன் என்று மட்டும் ஒரு நாளும் தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை. அது எங்களுக்கும் அப்போது தோன்றவில்லை.

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தபோது ஊர் வாசகசாலைக்குச் செயலாளர் இல்லாமல் இருந்தது. அந்தப் பதவியை யாரும் கேட்கவில்லை. தலைவர் சாத்துக்குட்டி மாஸ்டர் அதைத் தூக்கி இவர் தலையில் கட்டினார். பதவியோடு வந்த ஒரே சொத்து முன்வாசல் சாவி. கங்காதரன் அதைத் தன் பழைய கண்டக்டர் விசிலோடு சேர்த்து ஒரே கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். காலையில் அவர் குளித்து, பத்திரிகையின் மரண அறிவிப்புகள்வரை படித்து, மத்திக் குழம்பின் வாசனையை மோந்து பார்த்து, டீக்கடையில் அரசியல் பேசி, மெல்ல நடந்து வந்து திறந்தால்தான் வாசகசாலை திறக்கும்.

அதுவரை ருக்கியா படியில் உட்கார்ந்திருப்பாள். ருக்கியாதான் அங்கே நூலகர். நூலகர் என்றால் மேஜைக்குப் பின்னால் உட்காருகிற வேலை இல்லை. காலையில் பழைய புத்தகங்களை உள்ளே வைத்துவிட்டு, புதியவற்றைப் பச்சைத் துணிப்பையில் அடைத்துக்கொண்டு, குன்று ஏறி, வயல் தாண்டி, வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். முன்வாசல் வழியாகப் போகமாட்டாள். நேரே அடுக்களை வாசலுக்குப் போவாள். மீன் கழுவுகிற கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெண்கள் புத்தகத்தை வாங்கிக்கொள்வார்கள்.

"எத்தனை நேரமா இருக்கே ருக்கியா?" என்று கங்காதரன் கேட்பார்.

"இப்பத்தான் வந்தேன் கங்கேட்டா" என்பாள் அவள். ‘கங்காதரன் அண்ணா’ என்பதன் சுருக்கம் அது. மழைக்காலத்தில் அவள் புடவை முழங்கால்வரை நனைந்திருக்கும். கங்காதரன் அதைப் பார்த்தாரா என்றால், கண்ணில் பட்டிருக்கும், அவ்வளவுதான்.

வாசகசாலையில் ஒரு கண்ணாடி அலமாரி நிறையக் கலைக்களஞ்சியத் தொகுதிகள் இருந்தன. கனமான பச்சை அட்டை, தங்க எழுத்து. யாரோ ஒரு வளைகுடாக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்தவை. அதில் முட்டையிட்டு வம்சம் வளர்த்த பல்லிகளைத் தவிர அவற்றை யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. கங்காதரனும் ஒருமுறை ஒரு தொகுதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது பத்தியிலேயே தூங்கிப்போய், புத்தகம் காலில் விழுந்து, கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிற்று. "அறிவு கனமானதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று அதையும் அவரே சொல்லித் திரிந்தார்.

அப்படிப்பட்டவருக்குக் கோழிக்கோட்டில் நடந்த ஒரு பயிலரங்கில்தான் யோகம் அடித்தது. இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதுகிற கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது, அதில் நீங்களும் எழுதலாம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கங்காதரன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் திரையில் ஒன்றைக் காட்டினார்கள். யானையைப் பற்றிய நீண்ட கட்டுரையை ஒரு பெட்டியில் போட்டுப் பொத்தானை அழுத்தியதும், கட்டுரை உடைந்து வெறும் சொற்களாகிக் கூட்டமாக நின்றது. அதிகம் வருகிற சொல் பெரிதாக, குறைவாக வருகிற சொல் சின்னதாக. நடுவில் ‘காடு’ கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் தந்தம், மந்தை, தும்பிக்கை. ஓரத்தில் பொடி எழுத்தில் வாழைப்பழம். இதற்குப் பெயர் சொல் மேகம் என்றார்கள்.

கங்காதரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது மேகமாவது மண்ணாவது, இது பஸ் போர்டு! போய்ச் சேரும் ஊர் பெரிய எழுத்தில், வழியில் வரும் ஊர்கள் சின்ன எழுத்தில். வாழ்நாள் முழுவதும் அவர் படித்த ஒரே இலக்கியம் அதுதான். உலகத்தில் உள்ள எல்லா விஷயங்களுக்கும் முன்னால் ஒரு போர்டு மாட்டி வைத்திருக்கிறார்கள், தனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவாரமே வாசகசாலைப் பலகையில் ஒரு மேகம் ஒட்டினார். தலைப்பை மறைத்துவிட்டு, ‘இது எதைப் பற்றியது?’ என்று கீழே எழுதினார். அதில் பெரிதாக இருந்த சொற்கள்: பெண், ரத்தம், கடி, இரவு, காது.

அவறான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து பார்த்தார். "எடோ கங்காதரா, என் வீட்டுக்காரியப் பத்தி எழுதி ஒட்ட உனக்கு யார் தைரியம் குடுத்தது?"

"அது கொசுடா!"

"கொசுல பொம்பள மட்டும்தான் கடிக்குமா?"

"அப்படித்தான் இருக்கும்போல. பெரிசா போட்டிருக்கே."

அவறானுக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணாடி அலமாரியைத் திறக்கச் சொல்லி, பல்லி முட்டைகளை ஊதித் தள்ளிவிட்டு, கொசு இருக்கிற தொகுதியை எடுத்து நின்றபடியே படித்தார். படித்து முடித்து, "என் வீட்டுக்காரி பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அலமாரி தன் பிறவிப் பயனை அடைந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வாரா வாரம் ஒரு மேகம். உப்பு, ரப்பர், நிலநடுக்கம், பல்வலி. மேகத்தை முதலில் பார், விஷயத்தை ஊகி, அப்புறம் கட்டுரைக்குள் போ என்பது விளையாட்டு. ருக்கியா சும்மா இருக்காமல் ஒவ்வொரு மேகத்துக்கும் நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுக்களை வாசல்களில் விளையாட்டு களைகட்டியது. உப்பு மேகத்தில் ‘கடல்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே பெண்கள் விடையைச் சொல்லிவிட்டார்களாம். ஆண்கள் டீக்கடையில் இரண்டு நாள் அது கப்பல் என்று சண்டை போட்டார்கள். கலைக்களஞ்சியத் தொகுதிகள் ஒவ்வொன்றாக ருக்கியாவின் தோளில் ஏறிக் குன்று மேலே போய்வந்தன. அந்தக் கனத்தில் பையின் பிடி இரண்டு தடவை அறுந்தது. அவளே தைத்துக்கொண்டாள்.

ஊர் கங்காதரனை ‘மேகம் கங்காதரன்’ என்று கூப்பிட ஆரம்பித்தது. மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. மேகத்தைப் பார்த்தாலே போதும், கட்டுரையை எதற்குப் படிப்பது என்ற நிலைக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பட்டுப்புழு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். மேகத்தில் சீனா, இளவரசி, தேநீர், கூடு என்று இருந்தது. கங்காதரன் மைக்கைப் பிடித்து, சீனத்து இளவரசிகள் பட்டுப்புழுக்களுக்குத் தினமும் தேநீர் ஊட்டி வளர்க்கிறார்கள் என்று உருக்கமாகப் பேசிவிட்டு வந்தார். இளவரசியின் தேநீரில் கூடு தவறி விழுந்து நூல் பிரிந்தது என்று ஒரு பழங்கதை இருக்கிறது, புழு தின்பது மல்பெரி இலை, அது உங்கள் மேகத்திலேயே நட்டநடுவில் இருந்தது என்று சாத்துக்குட்டி மாஸ்டர் எடுத்துச் சொன்னபோது, "நான் போர்டு மட்டும் படிக்கிறவன் மாஷே, பஸ்ஸுல ஏறறதில்ல" என்று சமாளித்தார். அதையும் ஊர் சிரித்து மன்னித்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாசகசாலையின் பொன்விழா வந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது. தாலுகாவில் வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோகிற நூலகர்கள் எல்லோரையும் இனிமேல் வைத்திருக்க முடியாதாம். எங்கே வேலை உண்மையாக நடக்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் வைத்துக்கொள்வார்களாம். ஆயிலக்குன்னைப் பார்க்கத் தாலுகா அலுவலகத்திலிருந்து ஹேமலதா டீச்சர் வருகிறார், பொன்விழாவன்றே வருகிறார்.

அன்று காலை ருக்கியா படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கங்காதரன் கதவைத் திறந்துவிட்டு, "என்ன, உள்ள வரலையா?" என்றார்.

"வேலை போயிடுமா கங்கேட்டா?"

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர் கமுகு மரத்துல இருந்து விழுந்து படுத்த நாள்ல இருந்து எனக்கு இந்த நடைதான் மூச்சு. சம்பளம் கெடக்குது, தையல் தைச்சாவது கஞ்சி குடிச்சுக்குவேன். இந்தப் பை இல்லாட்டி என்னை எந்த வீட்டுல கூப்பிட்டுப் பேசுவாங்க? நான் நாலு சுவரைப் பாத்துட்டு உக்காந்தா பைத்தியம் புடிச்சிடும்." சொல்லிவிட்டு அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் கெட்டவர் இல்லை. "ருக்கியா, இங்க பாரு. உன் வேலைக்கு நான் கேரண்டி. டீச்சருக்கு முன்னால பெரிய திரையில நம்ம வாசகசாலையையே மேகமாப் போட்டுக் காட்டறேன். பேச்சே வேண்டாம். ஒரே பார்வையில அந்தம்மா அசந்துபோயிடும், பாரேன்."

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. இணையக் கலைக்களஞ்சியத்தில் ‘ஆயிலக்குன்னு வாசகசாலை’ என்று ஒரு பக்கம் உண்டு. எழுதியது கங்காதரன்தான். வளர்த்ததும் அவர்தான். விழா நடந்தால் அன்றே ஒரு பத்தி சேர்த்துவிடுவார். அந்தப் பக்கத்தின் தலையில் யாரோ முகம் தெரியாதவர்கள் ஒரு மஞ்சள் பட்டை ஒட்டி, ‘இக்கட்டுரை விளம்பரம்போல் உள்ளது’ என்று எழுதியிருந்தார்கள். அது அக்கரை வாசகசாலைக்காரர்களின் பொறாமை என்று கங்காதரன் டீக்கடையில் விளக்கம் சொல்லியிருந்தார். அவர் யானையையும் கொசுவையும் மேகமாக்கினாரே தவிர, தன் சொந்தக் கட்டுரையை ஒரு நாளும் அந்தப் பெட்டியில் போட்டுப் பார்த்ததில்லை.

"எதுக்கும் ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி விலாசினி, விழாவன்று அவர் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது. ஒரு காலத்தில் டைப்பிங் வகுப்பு நடத்தியவள் அவள். எதையும் சரிபார்க்காமல் கை விடமாட்டாள்.

"முதல்லயே பாத்துட்டா அதுல என்ன திரில் இருக்கு? எல்லாரும் ஒண்ணாப் பாக்கணும்."

"உங்க திரில்லுக்கு நான் வேற வந்து சாட்சி உக்காரணும்" என்று சொல்லிக்கொண்டே அவளும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசகசாலை முற்றத்தில் இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டியிருந்தார்கள். பொழுது சாய்ந்து திரையில் வெளிச்சம் தெரியும் வேளை. ஊரே வந்திருந்தது. பெண்கள் பலா மரத்துப் பக்கம், ஆண்கள் சாலைப் பக்கம். முன்வரிசையில் ஹேமலதா டீச்சர் மடியில் ஒரு கோப்போடு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, சிரிக்காத அம்மா. கடைசியில் பலா மரத்தடியில் ருக்கியா பையோடு நின்றாள். விழாவுக்கும் பையோடுதான் வந்திருந்தாள்.

கங்காதரன் மைக்கைத் தட்டினார். "நான் அதிகம் பேசமாட்டேன். பேசினா பட்டுப்புழு தேநீர் குடிக்கும்." சிரிப்பு. "நம்ம வாசகசாலை என்னன்னு கலைக்களஞ்சியமே சொல்லட்டும்." கழுத்திலிருந்த விசிலை எடுத்து இரட்டை விசில் கொடுத்தார். பொத்தானை அழுத்தினார்.

சொற்கள் நான்கு பக்கத்திலிருந்தும் பறந்து வந்து திரையில் நின்றன. நட்டநடுவில், சிவப்பில், ஒரு வேட்டியிலிருந்து இன்னொரு வேட்டிவரை நீண்டு கிடந்தது ஒரு சொல்: கங்காதரன்.

அதற்கு மேலே, அதில் பாதி அளவில், செயலாளர். கீழே தலைமை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை, திறந்துவைத்தார். ஓரமாக, எறும்பு ஊர்வதுபோல், புத்தகம்.

அவறான் எழுந்து நின்று, பஸ் நிலையத்தில் அறிவிக்கிற குரலில் சொன்னார்: "கங்காதரனிலிருந்து புறப்பட்டு, கங்காதரன் வழியாக, கங்காதரன் வரை செல்லும் பேருந்து புறப்படத் தயாராக இருக்கிறது!"

முற்றமே வெடித்துச் சிரித்தது. சாத்துக்குட்டி மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். விலாசினி குடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கங்காதரன் வழக்கம்போல முந்திக்கொண்டு ஒரு கேலியைச் சொல்லப் பார்த்தார். வாயில் ஒன்றும் வரவில்லை. இது அவர் பொறுக்கி எடுத்த குறை இல்லை. எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு கங்காதரன்தான் இருந்தான், அது அவருக்கு அடக்கமாகத்தான் தெரிந்தது. எல்லாக் கங்காதரன்களும் ஒன்றுகூடி வந்து நிற்பார்கள் என்று யார் கண்டது?

சிரிப்பு அடங்கியதும் ஹேமலதா டீச்சர் கேட்டார்: "செக்ரட்டரி, இங்க வீடு வீடாப் புத்தகம் கொண்டு போற ஒரு நூலகர் இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. அவங்க பேரு இதுல எங்க இருக்கு?"

கங்காதரன் திரும்பித் திரையைப் பார்த்தார். பெரிய எழுத்தில் தேடினார், பிறகு சின்ன எழுத்தில், பிறகு கிட்டே போய் மூக்கு துணியில் இடிக்க ஓரத்தில் தேடினார். விழாவுக்குப் பந்தல் போட்டவர் பெயர்கூட இருந்தது. ருக்கியா இல்லை. அவருக்கு அந்தக் கட்டுரையின் வரி அப்படியே ஞாபகம் வந்தது: ‘வீடுகளுக்குப் புத்தகம் வழங்கும் பணி செயலாளரின் தலைமையில் சிறப்பாக நடைபெற்று வருகிறது.’ வழங்கும் பணி தானாக நடந்து வந்துகொண்டிருந்தது. நடந்த கால்களைத்தான் அவர் எழுதவில்லை.

"இல்ல டீச்சர்" என்றார்.

"இருக்கறதை வச்சுத்தான் நான் எழுத முடியும்" என்று டீச்சர் கோப்பைத் திறந்தார். குரலில் கோபம் இல்லை. பலா மரத்தடியில் ருக்கியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

கங்காதரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் மனுஷனுக்குத் தெரிந்த தொழில்தான் வாயில் வரும். விசிலை எடுத்து ஒரே விசில் ஊதினார். வண்டியை நிறுத்துகிற விசில். முற்றம் நின்றது, ருக்கியாவும் நின்றாள்.

"டீச்சர், கொஞ்சம் பொறுங்க. பஸ்ஸு சரியாத்தான் ஓடுது. போர்டுதான் தப்பு. மாட்டினவன் நான்." "எழுதறப்ப எனக்கு வெக்கமே இல்லாம போச்சு. இப்ப நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருக்கு. நான் எழுதினதைத் தூக்கிக் குப்பையில போடுங்க. இங்க கூடியிருக்கறவங்க சொல்றதைப் போட்டுக் காட்டறேன். ஒரே ஒரு வாய்ப்புக் குடுங்க."

டீச்சர் பேனாவை மூடவில்லை. எழுதவும் இல்லை.

"விலாசினி, நீ போய் கம்ப்யூட்டர்ல உக்காரு. நான் கேட்டு வர்றதை எல்லாம் அடி. திருத்தாதே."

விலாசினி குடையை மடக்கி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கங்காதரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். ஊசி நுழையாத கூட்டத்தில் நுழைந்து கடைசி ஆள்வரை போய்விட்டு வருவது ஒன்றுதான் அவர் உண்மையாகவே கற்ற வித்தை. "ஆளுக்கு ரெண்டே வார்த்தை. வாசகசாலைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எனக்கு முகஸ்துதி வேண்டாம், போதுமானதை நானே எழுதிட்டேன். ம், சொல்லுங்க!"

ஆண்கள் பக்கம் முதலில் வந்தது தூக்கம், மின்விசிறி, சீட்டாட்டம். அவறான் "கொசு" என்றார். ஒருவர் "பழம்பொரி" என்றார், அது வாசகசாலையில் கிடைக்காது என்று சொல்லியும் கேட்கவில்லை. கங்காதரனின் முகத்தில் ஈயாடவில்லை. ‘இதுக்கு என் பேரே பரவாயில்லையோ’ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு, நினைத்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டார்.

பலா மரத்துப் பக்கம் வந்ததும் குரல்கள் மாறின.

"பச்சைப் பை" என்றாள் ஒருத்தி.

"அடுக்களை வாசல், ருக்கியா."

"மழையிலயும் பை நனையாது, அவதான் நனைவா. ருக்கியான்னே போடுங்க."

"எனக்குப் பிரசவம் முடிஞ்சு படுத்திருந்தப்ப ஜன்னல் வழியா உப்புப் புத்தகம் குடுத்தா. பச்சைப் பை."

"என் மாமியார் திட்டுவாங்கன்னு அரிசி டப்பாவுக்குப் பின்னால புத்தகத்தை ஒளிச்சு வச்சிட்டுப் போவா. இப்ப மாமியாரே கேட்டு வாங்கறாங்க."

அந்த மாமியாரும் பக்கத்தில்தான் இருந்தார். "பை" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் கங்காதரன் ருக்கியாவிடம் வந்து நின்றார். மைக்கை நீட்ட அவருக்குக் கை வரவில்லை. "நீயும் சொல்லும்மா" என்றார்.

ருக்கியா தரையைப் பார்த்தாள். "நானா?" பிறகு மெதுவாக, மைக்கில் விழுந்தும் விழாமலும், இரண்டு வார்த்தை சொன்னாள். பலா மரத்து இரைச்சலில் கங்காதரனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் உட்கார்ந்திருந்த விலாசினிக்குக் கேட்டது. அடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

சொற்கள் மறுபடி பறந்து வந்தன. இந்த முறை திரையின் நடுவில், ஒரு வேட்டியிலிருந்து இன்னொன்றுவரை, ‘பை’. அதன்மேல் சாய்ந்து ‘ருக்கியா’. சுற்றிலும் அடுக்களை, பச்சை, மழை, வாசல், ஜன்னல், உப்பு. ஓரங்களில் தூக்கமும் கொசுவும் பழம்பொரியும்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ருக்கியா தன் பெயரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு. ஹேமலதா டீச்சர் திரையை நீண்ட நேரம் பார்த்தார். அப்புறம் கோப்பில் குனிந்து எழுதினார். எழுதி முடித்து, பலா மரத்துப் பக்கம் திரும்பி, "நூலகர் இங்கேயே இருப்பாங்க. எழுதிட்டேன்" என்றார். பெண்கள் கை தட்டிய சத்தத்தில் பலா மரத்துக் காக்கைகள் பறந்தன.

கங்காதரனும் தட்டினார். தட்டிக்கொண்டே, கெட்ட பழக்கம் போகாமல், திரையில் தன் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். கீழ் மூலையில், கொசுவுக்கும் கீழே, பொடி எழுத்தில் இருந்தது: கங்கேட்டன். அதை ஒட்டி அதே அளவில் இன்னொரு சொல்: சாவி.

"இது யார் சொன்னது?" என்று கேட்டார்.

"சத்தியமா நான் இல்லப்பா" என்றாள் விலாசினி. "ருக்கியா சொன்னதுதான்."

"சாவியா? என்ன சாவி?"

ருக்கியாவுக்கு வெட்கமாகிவிட்டது. "வாசகசாலைன்னா எனக்கு அதுதான் ஞாபகம் வருது கங்கேட்டா. காலைல வந்து படியில உக்காருவேன். கங்கேட்டன் வரணும், சாவி வரணும். அந்த வளைவுல உங்க வெள்ளை வேட்டி தெரியுதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். வேற ஒண்ணும் மனசுல வச்சுச் சொல்லல." அவள் குறையாகச் சொல்லவில்லை. அவள் முகத்தில் குறை ஏதும் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

இப்பத்தான் வந்தேன், இப்பத்தான் வந்தேன் என்று அவள் சொன்ன காலைகள் எல்லாம் கங்காதரனுக்கு மொத்தமாக நினைவு வந்தன. முழங்கால்வரை நனைந்த புடவையும் வந்தது. ஊரில் தன் பெயரைச் சொன்ன ஒரே ஆள், தான் எழுத மறந்த ஆள். சொன்னதும் காத்திருந்ததைப் பற்றித்தான். அவருக்கு அழுகை வந்தது. கூட்டத்தின் நடுவில் அழுதுவிட்டார்.

"எடோ, இதுக்குப் போய் அழலாமா? உன் பேருதான் கடைசில வந்துடுச்சே" என்று அவறான் தோளைத் தட்டினார்.

"அதுக்குத்தாண்டா அழறேன்" என்றார் கங்காதரன். கழுத்துக் கயிற்றைக் கழற்றி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, சாவியைத் தனியாக எடுத்து ருக்கியாவின் கையில் வைத்தார். "இது உன்கிட்ட இருக்கட்டும். விசில் எனக்குப் போதும். ஊதறது ஒண்ணுதானே எனக்கு ஒழுங்கா வருது."

அன்றிரவு இணையத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கங்காதரன்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டதாக மறுநாள் டீக்கடையில் சொன்னார். "ஒருத்தனையாவது விட்டுவைங்கன்னு விலாசினி கெஞ்சினா. டிக்கெட் இல்லாத பயணி, விடமுடியாதுன்னுட்டேன்" என்றார். கேலியோடு கேலியாக இந்த முறை, "பெருமை புடிச்ச நாய்டா நான்" என்றும் சொன்னார். அதை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. யாருக்கும் உடனே சிரிக்க வரவில்லை.

சுலைமானியை முடித்துவிட்டு வழக்கமான நேரத்துக்கு வாசகசாலைக்கு நடந்தார். படியில் யாரும் இல்லை. கதவு அகலத் திறந்திருந்தது. பலகையில் புதிய மேகம் ஒட்டியிருந்தது. உள்ளே ருக்கியா பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய புடவை நனையாமல் உலர்ந்திருந்தது. கங்காதரன் படியிலேயே நின்றுவிட்டார். கை தானாகக் கழுத்துக்குப் போய்ச் சாவியைத் தேடியது. விசில் மட்டும் இருந்தது. திறப்பதற்குக் கதவு இல்லாமல் உள்ளே எப்படிப் போவது, போய் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ருக்கியா நிமிர்ந்து பார்த்தாள். அலமாரியிலிருந்து பட்டுப்புழு இருக்கிற தொகுதியை எடுத்து மேஜையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"படியில நிக்காதீங்க கங்கேட்டா" என்றாள். "உள்ள இடம் இருக்கு."